எந்த ஹோட்டலில் கூடுவது? இலண்டனில் ஒரு பழைய வழக்கு

ஆண்டு விழாவோ, பொதுக்கூட்டமோ, தாயகத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவருக்கு வரவேற்போ எதுவாயினும், இலண்டனில் உள்ள எந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவும் முதலில் முட்டிக்கொள்வது இடத்தைப் பற்றித்தான். நகரின் நடுவே நல்ல ஹோட்டல் ஒன்றை அமர்த்தினால் பெரிய மனிதர்கள் வருவார்கள். அங்கத்தினரில் பாதிப்பேர் செலவை எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். புறநகரில் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றைப் பிடித்தால் பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் குடும்பமாக வருவார்கள். மேயரை அழைக்கத்தான் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். ஹோட்டல் சமையலறையில் உண்மையாகவே சைவமாகச் செய்வார்களா, வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவர விடுவார்களா என்ற கேள்விகள் எழும்போது மணி இரவு பதினொன்று ஆகியிருக்கும். முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படும்.

இந்த வழக்கு நேற்று இன்று தோன்றியதல்ல. இந்நகரில் இந்தியர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதே வாதத்தைச் செய்து வந்திருக்கிறார்கள். அதில் மிக அதிகமான அனுபவம் பெற்றவர் ஒருவர் உண்டென்றால் அவர் காந்தியடிகள்தான். மாணவராகவும், தூதுக்குழுத் தலைவராகவும், மாநாட்டுப் பிரதிநிதியாகவும் ஐந்து முறை இலண்டன் வந்த அவர், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று பார்த்தால், இடம் தேடும் குழுக்களுக்கு அதில் விஷயம் நிறைய உண்டு.

1888 செப்டம்பர் இறுதியில், பத்தொன்பது வயது நிறையச் சில தினங்களே இருக்கையில், அவர் கப்பலிலிருந்து இறங்கினார். உடன் பிரயாணம் செய்த ஜுனாகட் வக்கீல் மஜும்தாருடன் நேரே விக்டோரியா ஹோட்டலுக்குச் சென்றார். நார்தம்பர்லண்ட் அவென்யூவில் அதற்கு முந்திய ஆண்டுதான் திறக்கப்பட்ட ஹோட்டல் அது. அதன் பகட்டைக் கண்டு இளைஞர் திகைத்துப் போனார். லிப்டில் ஏறியபோது அதை ஓர் அறை என்றும், அங்கே சற்று நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் போலும் என்றும் நினைத்துக்கொண்டாராம். போட்டிருந்ததோ வெள்ளைப் பிளானல் உடை. அன்று சனிக்கிழமை, பெட்டிகள் ஏஜெண்டிடம் சிக்கிக்கொண்டதால் மறுநாளும் அதே உடைதான்.

அந்த ஹோட்டல் பில்லைப் பற்றி அவர் தம் சுயசரிதையில் எழுதியிருப்பதை, விருந்து ஏற்பாடு செய்து கையைச் சுட்டுக்கொண்ட எவரும் மறக்கமாட்டார்கள். 3 பவுன் கட்டினார், அப்படியும் பட்டினிதான். ஒரு பண்டம் பிடிக்காமல் இன்னொன்று கேட்டால் இரண்டுக்கும் விலை வைத்தார்கள். உண்மையில் அவர் வயிற்றை நிரப்பியது பம்பாயிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பட்சணங்களே. பார்க்க வந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா ஹோட்டல் வாசம் உதவாது என்றும், ஆங்கிலேயர் வாழ்க்கையை அறிய ஒரு குடும்பத்துடன் தங்குவதே நல்லது என்றும் புத்தி சொன்னார். டாக்டர்கள் சொல்வதைக் கேட்டு நன்மை அடைந்தவர்களின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த நிகழ்ச்சி ஹோல்பர்ன் உணவகத்தில் நடந்தது. கிங்ஸ்வேயும் ஹை ஹோல்பர்னும் சந்திக்கும் மூலைக்கருகே இருந்த அந்தப் பெரிய கட்டிடம் சங்க விருந்துகளுக்கும் கூட்டங்களுக்கும் பேர்பெற்றது, பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டது. காந்தியின் புலால் மறுப்பைக் கண்டு கவலைப்பட்ட நண்பர் ஒருவர் அவரை நாடகத்துக்கு அழைத்துச் செல்லுமுன் அங்கே சாப்பிட அழைத்துப் போனார். இவ்வளவு பெரிய இடத்தில் வாய் திறக்கமாட்டார் என்பது நண்பரின் கணக்கு. முதலில் சூப் வந்தது. அது எதனால் செய்யப்பட்டது என்று நண்பரைக் கேட்கத் தயங்கிய காந்தி, பரிசாரகரைக் கூப்பிட்டார். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. நாகரிகமான கூட்டத்தில் பழகத் தெரியாவிட்டால் வெளியே போய் வேறெங்காவது சாப்பிட்டுவிட்டு வந்து காத்திரு என்றார். காந்தி மகிழ்ச்சியோடு வெளியேறினார். அருகிலிருந்த சைவ உணவகம் மூடியிருந்தது. அன்றிரவு சாப்பாடு இல்லாமலே நாடகம் பார்த்தார்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அது ஓர் அவமானக் கதை. ஆனால் 1891 ஜூன் மாதம் பாரிஸ்டர் பட்டம் பெற்று ஊருக்குப் புறப்படும் தறுவாயில், சைவ உணவுச் சங்க நண்பர்களுக்குப் பிரிவு விருந்தளிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? அதே ஹோல்பர்ன் உணவகம்! சைவ உணவகத்தில் சைவ விருந்து நடப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது, அசைவ உணவகத்தில் ஏன் நடத்தக்கூடாது என்று எண்ணி, மானேஜரைப் பார்த்துப் பேசி, முழுக்க முழுக்கச் சைவமாகச் சமைக்க ஒப்புக்கொள்ளச் செய்தார். ஜூன் 11ஆம் தேதி இசையும் உரைகளுமாக விருந்து நடந்தது. நகைச்சுவையாகப் பேச வேண்டுமென்று பாடம் பண்ணி வைத்திருந்தது முதல் வாக்கியத்தோடு மறந்துபோய், வந்தவர்களுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டதாக அவர் எழுதுகிறார். சைவச் சங்கத்தின் இதழோ, சற்றுப் படபடப்போடு என்றாலும் நயமாகவே பேசினார் என்று குறித்தது. மேடையில் நாக்கு எழாத செயலாளர்கள் இரண்டில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். சமையலறையில் செய்து முடித்த வேலைக்குப் பிறகு பேச்சு ஒரு பொருட்டா?

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1906 அக்டோபர் 20ஆம் தேதி, அவர் மீண்டும் இலண்டன் வந்தார். இம்முறை வந்தது ஒரு சமூகத்தின் தூதராக. டிரான்ஸ்வாலில் இந்தியர் யாவரும் விரல் ரேகை பதித்து அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற அவசரச் சட்டத்துக்கு அரசின் ஒப்புதல் கிடைக்காமல் தடுப்பதே நோக்கம். உடன் வந்தவர் ஹாஜி ஓஜீர் அலி. முதல் ஓரிரு நாட்கள் காந்தி ஹைகேட்டில் கிராம்வெல் அவென்யூவிலிருந்த இந்தியா ஹவுஸில் தங்கினார். சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் இந்திய மாணவர்களுக்காகத் தொடங்கிய இல்லம் அது. இன்று முருகன் கோயில் இருக்கும் ஆர்ச்வே சாலையிலிருந்து நடந்துபோகும் தூரந்தான். அங்கே நம்மவர் சாப்பாடு உண்டு, நம்மவர் பேச்சு உண்டு, செலவு குறைவு. ஆயினும் அவர் ஸ்டிராண்டில் இருந்த ஹோட்டல் சிசிலுக்கு மாறினார்.

1896இல் திறக்கப்பட்ட சிசில், எண்ணூறு அறைகளுக்கு மேல் கொண்டது. திறந்த காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரிய ஹோட்டல் என்று பெயர் பெற்றிருந்தது. எளிமையை விரும்பிய ஒருவர் சமூகத்தின் பணத்தில் அங்கே போய்த் தங்குவதா என்று கேட்கலாம். பார்க்கவேண்டியவர்கள் யார் என்பதில்தான் விடை இருந்தது. பாராளுமன்ற அங்கத்தினர்கள், முன்னாள் கவர்னர்கள், பத்திரிகை ஆசிரியர்கள் ஆகியோர் ஹைகேட் குன்றேறி, போலீசார் கண்வைத்திருந்த மாணவர் இல்லத்துக்கு வரமாட்டார்கள். சிசிலின் பெயர் அச்சிட்ட கடிதத் தாளில் எழுதினால் பதில் வரும். அந்த ஹோட்டல் அறையே காரியாலயமாயிற்று. ஆயிரக்கணக்கான தபால்கள் அங்கிருந்து பறந்தன. நள்ளிரவு தாண்டியும் உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தவர்களில் ஆங்கிலேய நண்பர்களும் உண்டு.

ஓர் இடைச் செய்தி. அலி அவர்கள் வாதநோயால் படுத்துவிட்டார். காந்தி அவரைச் சேர்த்தது புரோம்லியில் டாக்டர் ஜோசையா ஓல்ட்பீல்டு நடத்திவந்த லேடி மார்கரெட் மருத்துவமனையில். மாணவப் பருவத்தில் பேஸ்வாட்டரில் காந்தியுடன் ஒரே வீட்டில் குடியிருந்த சைவ நண்பர்தான் இந்த ஓல்ட்பீல்டு. மருத்துவமனையிலும் புலால் கிடையாது. தூதுக்குழுவின் பாதி ஹோட்டலிலும் பாதி ஆஸ்பத்திரியிலுமாகச் சில வாரங்கள் கழிந்தன.

நவம்பர் 7இல் பாராளுமன்றக் கட்டிடத்திலேயே அங்கத்தினர்கள் சுமார் நூறு பேர் முன் இருவரும் பேசினர். மறுநாள் குடியேற்ற நாடுகளின் மந்திரி எல்கின் பிரபுவைத் தூதுக்குழு சந்தித்தது. குழுவுக்கு முன்னின்றவர் சர் லெப்பல் கிரிபின். தாதாபாய் நவ்ரோஜி, சர் மஞ்சர்ஜி பவநகரி, அமீர் அலி, சர் ஹென்றி காட்டன் முதலியோர் உடன் நின்றனர். நவம்பர் 29இல் ஆதரவாளர்களுக்கு நன்றி கூறும் விருந்தும் சிசிலிலேயே நடந்தது. எல்கின் பிரபு சட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கவில்லை என்ற செய்தி திரும்பும் கப்பலில் மடீராத் தீவில் எட்டியது. ஹோட்டல் செலவு வீண்போகவில்லை என்று அன்று மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் டிரான்ஸ்வாலுக்குச் சுயாட்சி கிடைத்ததும், 1907இல் அங்குள்ள சட்டசபை அதே சட்டத்தை ஒரே மூச்சில் நிறைவேற்றிவிட்டது. இலண்டன் அதைத் தடுக்கவில்லை.

1909 ஜூலை 10ஆம் தேதி, ஹாஜி ஹபீபுடன் மீண்டும் வந்தபோது தேர்ந்தெடுத்தது வெஸ்ட்மின்ஸ்டர் பாலஸ் ஹோட்டல். விக்டோரியா தெரு தொடங்கும் இடத்தில், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்கு எதிரே, பாராளுமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது அது. கூட்டங்களுக்கென்றே பிறந்த ஹோட்டல் என்று சொல்லலாம். 1860களில் இந்தியா ஆபீஸுக்குச் சொந்தக் கட்டிடம் தயாராகும் வரை அதன் ஒரு பகுதி இந்தியாவை ஆளும் அலுவலகமாகவே இருந்தது. கனடாவை ஒரே நாடாக இணைக்கும் சட்டத்துக்கு வரைவு தயாரித்த மாநாடு 1866 டிசம்பரில் கூடியதும் அங்கேதான். அந்த மாநாட்டின்போது, பின்னர் கனடாவின் முதல் பிரதமரான ஜான் மெக்டொனால்ட், இரவில் படுக்கையில் பத்திரிகை படித்துக்கொண்டே உறங்கிவிட, மெழுகுவர்த்தி திரைச்சீலையில் பற்றித் தோளில் தீப்புண் பட்டது. தீயை அணைத்தவர்கள் அடுத்த அறைகளில் இருந்த சக பிரதிநிதிகள். எல்லோரும் ஒரே இடத்தில் தங்கும் மாநாடுகளுக்கு இப்படியும் ஒரு சௌகரியம் உண்டு.

ஆனால் 1909ஆம் ஆண்டு இலண்டனில் இந்தியர்கள் கூட எந்த இடமும் எளிதாகக் கிடைத்த காலமன்று. ஜூலை முதல் தேதி இரவு, சௌத் கென்சிங்டனில் நடந்த ஒரு வரவேற்பில் மதன்லால் திங்ரா என்ற மாணவர் சர் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். குறுக்கே பாய்ந்த டாக்டர் கவாஸ் லால்காகா என்ற பார்சி மருத்துவரும் இறந்தார். ஜூலை 5இல் காக்ஸ்டன் ஹாலில் கண்டனக் கூட்டம் கூடியபோது, தீர்மானத்தை எதிர்த்து எழுந்த சாவர்க்கர் முகத்தில் அடிபட்டார். அங்கிருந்த திருவல்லிக்கேணி இளைஞர் மண்டயம் திருமலாச்சாரியார் தடியால் திருப்பி அடித்தார் என்பர். ஹைகேட் இல்லம் கலைந்தது. சாவர்க்கருக்கு வீடு கொடுப்பாரில்லை. ஹோல்பர்னில் ரெட் லயன் பாசேஜ் என்ற சந்தில் ஓர் இந்திய உணவகத்தின் மேல்மாடியில் ஒதுங்கினார். ஆகஸ்ட் 17இல் திங்ரா தூக்கிலிடப்பட்டார்.

இந்த நிலையில் விஜயதசமி வந்தது. எல்லோருமாகக் கூடிக் கொண்டாட வேண்டும் என்று மாணவர்கள் விரும்பினர். தலைமை தாங்க யாரை அழைப்பது? வெஸ்ட்மின்ஸ்டர் ஹோட்டலில் தங்கியிருந்த தென்னாப்பிரிக்கப் பாரிஸ்டரை அழைத்தனர். அழைத்தவர்கள் தீவிரவாதிகள் என்பது காந்திக்குத் தெரியும். வன்முறை பயன்படாது என்பதை அவர்களிடமே நேரில் சொல்ல ஒரு சந்தர்ப்பம் என்று எண்ணி ஒப்புக்கொண்டார். சாப்பாடு முழுக்கச் சைவமாக இருக்கவேண்டும், சர்ச்சைக்குரிய அரசியல் பேசக்கூடாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள்.

எங்கே நடத்துவது? சிசிலா, வெஸ்ட்மின்ஸ்டர் பாலஸா? மாணவர் கையிலிருந்த பணத்துக்கு அவை எட்டாது. எட்டினாலும் கொடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம். அக்டோபர் 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பேஸ்வாட்டரில் நிஜாமுதீன் என்பவரின் இந்திய உணவகத்தில் விருந்து நடந்தது. இராமபிரானின் வெற்றித் திருநாள், ஒரு முஸ்லிம் அன்பரின் உணவகத்தில், இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண நிறைவேறியது. இந்நகரில் இந்தியர் நடத்திய கூட்டங்களில், இடம் இவ்வளவு பொருத்தமாக அமைந்தது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

அன்றைய சமையலறைக் கதையை நமக்குச் சொல்பவர் ஒரு தமிழர், அதிலும் மருத்துவர். ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த டாக்டர் தி. சே. சௌ. ராஜன் அப்போது இலண்டனில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் 1930இல் இராஜாஜியுடன் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு, 1937இல் சென்னை மாகாணத்தின் சுகாதார மந்திரியானவர். பணத்தைச் சேமிக்க மாணவர்கள் தாங்களே சமைப்பதென்று முடிவாகியிருந்தது. மதியம் தொடங்கி வேலை நடந்தது. காய்கறி நறுக்குவோரும் பாத்திரம் துலக்குவோருமாக எல்லோரும் மும்முரமாக இருக்கையில், மெலிந்த மனிதர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் தட்டுகளைக் கழுவவும் காய் திருத்தவும் ஆரம்பித்தார். உதவிக்கு வந்த யாரோ ஒருவர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்தி சாய்ந்ததும் வரகனேரி வ. வே. சு. ஐயர் உள்ளே வந்தார். அவர்தான் அடையாளம் கண்டு சொன்னார்: அன்றைய விழாத் தலைவர் அவர்! பதறிப்போய் வேலையை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டனர். அவர் விடவில்லை. சமைத்து முடித்து, பரிமாறவும் உதவிவிட்டு, பிறகே தலைமை நாற்காலியில் அமர்ந்தார் என்பது ராஜனின் நினைவு.

அன்று காந்தியும் பேசினார், சாவர்க்கரும் பேசினார். அரசியல் பேசக்கூடாது என்ற நிபந்தனையை இருவருமே மீறவில்லை. இருவரும் இராமாயணத்தைப் பற்றியே பேசினர். ஆனால் ஒருவர் இராமரின் துன்பம் தாங்கும் குணத்தையும் சீதையின் தூய்மையையும் இலக்குவன், பரதனின் தியாகத்தையும் சொன்னார். மற்றவர் இராவண வதத்தை மறக்கவிடவில்லை. கேட்டவர்களுக்கு விளங்காமல் இருந்திருக்காது. கேட்டவர்களில் ஆசப் அலியும் ஒருவர். அடுத்த ஆண்டு சாவர்க்கர் கைதானார். ஐயர் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி சேர்ந்தார். காந்தியோ, வெஸ்ட்மின்ஸ்டர் ஹோட்டலில் நான்கு மாதம் பெரிய மனிதர்களைப் பார்த்துப் பார்த்து ஒன்றும் கைகூடாமல், நவம்பர் 13இல் கப்பலேறினார். கப்பலிலேயே பத்து நாளில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதி முடித்தார். ஹோட்டல் சந்திப்புகளால் விளையாத பலன், பேஸ்வாட்டர் இரவில் கேட்ட வாதங்களால் விளைந்தது என்று சொல்வது மிகையாகாது.

1914ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலகப்போர் தொடங்கி இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 6இல் கஸ்தூரிபாவுடன் வந்தார். இம்முறை ஹோட்டலில் தங்கவில்லை. அவரைத் தேடிக் கென்சிங்டனில் ஒரு பழைய வீட்டின் செங்குத்துப் படிகளில் ஏறிய சரோஜினி தேவி கண்டது, சிறைக் கம்பளியின் மேல் தரையில் உட்கார்ந்து, மரக்கிண்ணத்தில் நசுக்கிய தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மொட்டைத் தலையரை. சிரித்துவிட்டார். ஆனால் ஆகஸ்ட் 8இல் அவருக்கு வரவேற்பு நடந்த இடம் அதே ஹோட்டல் சிசில். ஜின்னாவும் லாலா லஜபதி ராயும் வந்திருந்தனர். யாழ்ப்பாணத்துச் சர் முத்துக்குமாரசாமியின் புதல்வர் ஆனந்த குமாரசாமியும் வந்திருந்தார். தங்குமிடம் வேறு, கூடுமிடம் வேறு என்று அந்த ஆண்டு அவர் பிரித்துக்கொண்டதுபோல் தோன்றுகிறது. பிறகு மார்புச் சவ்வு அழற்சியால் படுத்து, டாக்டர் ஜீவராஜ் மேத்தாவின் சிகிச்சையில் இருந்து, பின் ஊர் திரும்பினார்.

1931இல் அந்தப் பிரிவினை முற்றாகிவிட்டது. இரண்டாவது வட்டமேஜை மாநாடு செயிண்ட் ஜேம்ஸ் அரண்மனையில் கூடியது. நம் பக்கத்திலிருந்து சீனிவாச சாஸ்திரியார், இரட்டைமலை சீனிவாசன், ஏ. இராமசாமி முதலியார், 'ஹிந்து' ஆசிரியர் ஏ. ரங்கசாமி ஐயங்கார் ஆகியோர் பிரதிநிதிகள். காந்தியடிகள் தங்கியதோ கிழக்கு இலண்டனில், போ பகுதியில், மியூரியல் லெஸ்டர் அம்மையார் நடத்திய கிங்ஸ்லி ஹாலின் மாடியில் ஒரு சிற்றறையில். அரண்மனைக்கும் அதற்கும் ஐந்து மைலுக்கு மேல். உடனிருந்தவர்கள் நைட்ஸ்பிரிட்ஜில் 88ஆம் எண் வீட்டை அலுவலகமாக வைத்திருந்தனர். நள்ளிரவு வரை பேச்சு, பிறகு ஊரின் மறுகோடிக்குக் காரில் பிரயாணம், விடிவதற்குமுன் பிரார்த்தனை. அறுபத்திரண்டு வயது உடம்புக்கு இது தகுமா என்று எந்த மருத்துவரும் கேட்பார். நகர் நடுவே வந்துவிடுங்கள் என்று நண்பர்களும் வற்புறுத்தினர். ஏழைத் தொழிலாளர் நடுவே வாழ்வதே தம்முடைய உண்மையான வேலை என்று அவர் இருந்துவிட்டார்.

அதே காலத்தில், மாநாட்டின் மிக முக்கியமான பேச்சு ஒன்று மாநாட்டு மண்டபத்தில் நடக்கவில்லை. ரிட்ஸ் ஹோட்டலில் ஆகா கான் தங்கியிருந்த அறைகளில், நள்ளிரவில், முஸ்லிம் பிரதிநிதிகளும் காந்தியடிகளும் சந்தித்து வகுப்புப் பிரச்சினையைத் தீர்க்க முயன்றனர். ஒரு முறையல்ல, பல இரவுகள். உடன்பாடு எட்டவில்லை. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் தாமே வகுப்புத் தீர்ப்பை அளித்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நிஜாமுதீன் உணவகத்தில் இயல்பாக நடந்த ஒன்று, ரிட்ஸின் மெத்தை நாற்காலிகளில் நடக்கவில்லை. இடத்தின் குற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பது ஒருபுறம் இருக்க, ஹோட்டல் நம்மைத் தேர்ந்தெடுக்குமா என்பதும் இந்நகரில் நெடுங்காலம் ஒரு கேள்வியாகவே இருந்தது. 1943 ஜூலையில், மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடுவதற்காக, மனைவி மகளுடன் ரசல் சதுக்கத்து இம்பீரியல் ஹோட்டலில் நான்கு இரவுகள் தங்க முன்பதிவு செய்திருந்தார். வந்தபின் ஓர் இரவுதான் தங்கலாம் என்று சொல்லப்பட்டது. நிறமே காரணம். அவர் வழக்குத் தொடுத்தார். தக்க காரணமின்றி வழிப்போக்கரை மறுக்கும் உரிமை விடுதிக்காரருக்கு இல்லை என்ற பழைய பொதுச் சட்டத்தின்படி, 1944 ஜூனில் நீதிபதி பர்க்கெட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நஷ்ட ஈடு ஐந்து கினி. தொகை சிறிது, ஆனால் அந்த வழக்குத்தான் பின்வந்தவர்களுக்கு வழி திறந்தது. ஹோட்டல்களிலும் உணவகங்களிலும் நிறபேதம் காட்டுவதைச் சட்டமே தடைசெய்தது 1965இல். இன்று ஒரு சங்கச் செயலாளர் தொலைபேசியை எடுத்து, தம் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, முந்நூறு பேருக்கு மண்டபம் வேண்டும் என்று தயக்கமின்றிக் கேட்பதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

நகர் நடுவே, குறைந்த செலவில், நம் சாப்பாட்டோடு கூட ஓர் இடம் என்ற கனவு நிறைவேறியது ஒருமுறை உண்டு. கிருஷ்ண மேனனின் இந்தியா லீக் 1951இல் தொடங்கிய இந்தியா கிளப், 1964 முதல் ஸ்டிராண்ட் 143ஆம் எண்ணில், ஸ்டிராண்ட் கான்டினென்டல் என்ற சிறு ஹோட்டலின் மாடிகளில் இயங்கியது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் மேனன். அங்கே தோசை கிடைத்ததில் வியப்பில்லை. குறுகலான படி, மேலே ஏறினால் ஒரு மதுக்கூடம், அதற்கும் மேலே உணவகம், பழைய மேஜை நாற்காலிகள், சுவரில் தலைவர்களின் படங்கள். பத்திரிகையாளர் சங்கம், தொழிலாளர் சங்கம் என்று இந்தியர் சங்கங்கள் பல அங்கே கூடின. கையில் காசில்லாத மாணவர் முதல் ஆல்ட்விச்சில் உள்ள ஹைகமிஷன் அதிகாரி வரை எல்லோரும் ஏறிய படி அது. பகட்டு எள்ளளவும் கிடையாது. யாரும் சூப் எதனால் செய்தது என்று பயந்துகொண்டே கேட்கவேண்டியதில்லை.

2018இல் கட்டிடத்தை மாற்றியமைக்கும் திட்டத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி அனுமதி மறுத்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டிருந்தனர். ஆனாலும் நீடிக்கவில்லை. 2023 செப்டம்பர் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். அன்று அந்தக் குறுகிய படியில் ஏறக் காத்திருந்தவர்களின் வரிசை தெருவரை நீண்டது. ஹோட்டல் சிசிலின் முகப்பில் எஞ்சிய பகுதி, அதே ஸ்டிராண்டில் சில நிமிட நடையில் இன்னும் நிற்கிறது. பின்புறம் 1930இல் இடிபட்டு அலுவலகக் கட்டிடமாகிவிட்டது.